மனைப் படத்தில் ரோடு... அரசுப் படத்தில் வாய்க்கால்! மேப் சொல்லும் கதைகள்

ஒரே நிலம், மூன்று மேப்கள். எதை நம்பி அட்வான்ஸ் கொடுப்பது?

“அண்ணா, மூணு மேப் அனுப்பியிருக்கேன். பார்த்துட்டுச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை அட்வான்ஸ் கொடுக்கணும்!”

சித்தி மகனிடமிருந்து வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவு இது. ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஷிஃப்ட் வேலை. எட்டு வருடமாகப் படப்பையில் வாடகை வீடு. ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு மனை அமைந்திருக்கிறது. கையிருப்பு, மனைவியின் நகை, கம்பெனி லோன் என எல்லாவற்றையும் கூட்டிக் கணக்குப் போட்டுவிட்டான். என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: “மேப் சரியா இருக்கா?”

முதல் படம், மனை விற்பவர்கள் கொடுத்த பளபள பிரவுச்சர். பச்சையில் பூங்கா, நீலத்தில் நீச்சல் குளம், மஞ்சளில் மனைகள். இரண்டாவது, அரசு இணையதளத்திலிருந்து எடுத்த புலப்படம். நம் ஊரில் எல்லோரும் ‘எஃப்.எம்.பி.’ என்று சொல்வார்களே, அதுதான். வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடுகளும் எண்களும் மட்டும். மூன்றாவது, கூகுள் மேப்பில் சிவப்புக் குண்டூசி குத்திய லொக்கேஷன்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்றும் ஒரே நிலம் என்று சத்தியம் செய்தால்கூட நம்ப முடியவில்லை. பிரவுச்சரில் வலது ஓரமாக ‘30 அடி ரோடு’ ஓடுகிறது. எஃப்.எம்.பி.யில் வலது ஓரத்தில் ஒன்றும் இல்லை. மேல் ஓரத்தில் இரண்டு மெல்லிய கோடுகள் ஜோடியாகப் போகின்றன. போன் மேப்பிலோ அந்த இடத்தில் வெறும் முள்செடிப் பச்சை.

பிரவுச்சரை மறுபடி உற்றுப் பார்த்தபோதுதான் மூலையில் இருந்த குட்டி அம்புக்குறி கண்ணில் பட்டது. அதன் முனை வலது பக்கம் திரும்பியிருந்தது. அதாவது, அந்தப் படத்தில் வடக்கு மேலே இல்லை, வலது பக்கம்! நுழைவாயில் வளைவு கீழே அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் படத்தையே திருப்பிவிட்டிருக்கிறார்கள்.

அது தவறல்ல. ‘வடக்கு மேலேதான் இருக்க வேண்டும்’ என்பது இயற்கை விதி கிடையாது. மனிதர்கள் பேசி வைத்துக்கொண்ட ஒரு வழக்கம், அவ்வளவுதான். மேப்பில் நாம் ‘இப்படித்தான்’ என்று நினைக்கும் எல்லாமே இப்படிப்பட்ட வழக்கங்கள்தான். அவை எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால், மனை வாங்கும்போது ஏமாறாமலும் இருக்கலாம்.

வடக்கு ஏன் மேலே?

இரண்டாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில் வாழ்ந்தவர் தாலமி. உலகின் ஏறக்குறைய 8,000 இடங்களுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் தொகுத்தவர். அவருடைய முறையில் வடக்கு மேலே. நம் காவிரிப்பூம்பட்டினம் அவர் பட்டியலில் ‘கபேரிஸ்’ என்ற பெயரில் இருக்கிறது. ஆனால், அவர் கணக்கை வைத்து வரைந்த படத்தில் தென்னிந்தியத் தீபகற்பமே கிட்டத்தட்ட காணாமல் போய், இலங்கை ராட்சத அளவுக்கு வீங்கியிருக்கும்!

தாலமிக்குப் பிறகு எல்லோரும் அவர் வழியைப் பின்பற்றவில்லை. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் தேவாலயங்களில் வைத்த உலகப் படங்களில் கிழக்குதான் மேலே இருந்தது. இன்று ஆபீஸில் புதிதாகச் சேர்பவர்களுக்கு ‘ஓரியன்டேஷன்’ நடத்துகிறார்களே, அந்தச் சொல்லே கிழக்கைக் குறிக்கும் ‘ஓரியன்ட்’டிலிருந்து பிறந்ததுதான். 1154-ல் சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜருக்காக அல் இத்ரீசி வரைந்த புகழ்பெற்ற உலகப் படத்தில் தெற்கு மேலே இருந்தது.

15-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாலமியின் நூல் லத்தீனுக்கு வந்தது. அடுத்து அச்சு இயந்திரம் வந்தது. கப்பல்களில் வடக்கைக் காட்டும் காந்த ஊசி ஏற்கெனவே இருந்தது. இவை எல்லாம் சேர்ந்து வடக்கை மேலே தூக்கி உட்கார வைத்துவிட்டன. 1979-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஸ்டூவர்ட் மெக்ஆர்தர், தெற்கை மேலே வைத்து ஒரு உலகப் படம் வெளியிட்டார். ‘எத்தனை நாளைக்குத்தான் எங்கள் நாடு கீழேயே இருப்பது?’ என்ற ஆதங்கம்தான் அதற்குக் காரணம்.

நமக்கு ‘மேல்’ என்றால் மேற்கு!

சரி, தமிழர்களுக்கு எது மேலே? பதில் நம் வாயிலேயே இருக்கிறது. ‘மேற்கு’ பிறந்தது ‘மேல்’ என்ற சொல்லிலிருந்து. ‘கிழக்கு’ பிறந்தது ‘கீழ்’ என்ற சொல்லிலிருந்து. மேலத்தெரு மேற்கே இருக்கும். கீழத்தெரு கிழக்கே இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் உயர்ந்து, வங்காள விரிகுடாவில் தாழ்கிறது நம் நிலம். தண்ணீர் மேலிருந்து கீழே ஓடுகிறது. அதாவது மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. காகிதத்தில் வரையாமலேயே, நிலத்தின் சரிவை மொழிக்குள் எழுதிவைத்துவிட்டார்கள் நம் முன்னோர்.

மேப் வரைவதைவிட, எல்லையைச் சொல்லால் எழுதுவதுதான் நம் பழைய வழக்கம். சோழர் காலக் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் ஒரு நிலத்தைத் தானம் கொடுத்தால், முதலில் கிழக்கு எல்லை, பிறகு தெற்கு, மேற்கு, வடக்கு என்று வரிசையாக எழுதுவார்கள். கோயிலை வலம் வருகிற அதே வரிசை! ஊர் எல்லையில் பெண் யானையை நடக்கவிட்டு, அது போன தடத்தில் கல்லும் கள்ளியும் நட்டதாகச் செப்பேடுகள் பேசுகின்றன. முதலாம் ராஜராஜன் காலத்தில், 1001-ம் ஆண்டையொட்டி, நாடு முழுவதும் நிலம் அளக்கப்பட்டது. அளவுகோலுக்கு ‘உலகளந்த கோல்’ என்று பெயர்.

அந்த வழக்கத்தின் மிச்சம்தான் இன்றைய பத்திரங்களில் இருக்கும் ‘நான்கெல்லை’. ‘செக்குபந்தி’ என்றும் சொல்வார்கள். இதில் புதிதாக மனை வாங்குபவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பத்திரத்தில் ‘இன்னார் நிலத்துக்கு மேற்கு’ என்று இருந்தால், அந்த இன்னாருடைய நிலம் நம் நிலத்துக்கு மேற்கில் இருக்கிறது என்று அர்த்தமல்ல. அவர் நிலத்துக்கு மேற்கே நம் நிலம் இருக்கிறது. எனவே, அவர் நமக்குக் கிழக்கே இருக்கிறார். இந்த ஒரு வரியைத் தலைகீழாகப் படித்தால், மொத்த நிலமும் தலைகீழாகிவிடும்!

பனை ஓலையில் பதிந்த செங்கல்பட்டு

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் எல்லாம் அன்றைய செங்கல்பட்டு ஜாகீரைச் சேர்ந்த பகுதிகள். 1763-ல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்திய கம்பெனி கைக்கு வந்த நிலப்பரப்பு இது. ‘நமக்குக் கிடைத்திருப்பதில் என்னதான் இருக்கிறது?’ என்று கம்பெனிக்குத் தெரிய வேண்டியிருந்தது. தாமஸ் பார்னார்டு என்ற பொறியாளரை அனுப்பினார்கள். 1767 முதல் 1774 வரை, ஏறத்தாழ 2,000 ஊர்களின் விவரங்கள் திரட்டப்பட்டன.

அதற்கு அடித்தளமாக இருந்தவை, ஊர்க் கணக்கர்கள் தமிழில் பனை ஓலையில் எழுதிய கணக்குகள். எவ்வளவு நிலம், அதில் ஏரி எவ்வளவு, கோயில் எவ்வளவு, வீட்டுமனை எவ்வளவு என்று ‘காணி’ அளவில் பிரித்து எழுதியிருக்கிறார்கள். காந்தியவாதி தரம்பால் இந்த ஆவணங்களின் முக்கியத்துவத்தை வெளியே கொண்டுவந்தார். அந்த ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

ஏரிக்கும் வாய்க்காலுக்கும் களத்துக்கும் மயானத்துக்கும் தனித்தனியாக இடம் ஒதுக்கி, ‘இது ஊருக்குப் பொது, யாருக்கும் தனிச் சொத்தாகாது’ என்று பிரித்து எழுதும் பழக்கம் அன்றே இருந்தது என்பதுதான் இதில் நாம் கவனிக்க வேண்டியது. இன்று ‘புறம்போக்கு’ என்று சொல்கிறோமே, அதன் வேர் அங்கே இருக்கிறது.

பரங்கிமலையில் விரித்த சங்கிலி

ஒரகடத்திலிருந்து வண்டலூர் வழியாகச் சென்னைக்குப் போகும்போது, பரங்கிமலை அடிவாரத்தைக் கடப்போம். இந்திய மேப்பின் வரலாற்றில் அது முக்கியமான இடம். 1802 ஏப்ரல் 10 அன்று, வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி அங்கே 100 அடி நீள இரும்புச் சங்கிலியை விரித்தார். பரங்கிமலை அருகே தொடங்கி, தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல் தூரத்தை அளக்க 57 நாள்கள் ஆயின!

ஏன் அவ்வளவு நாள்? வெயிலில் இரும்பு நீளும். எனவே, சங்கிலியை மரப் பெட்டிகளுக்குள் கிடத்தி, மேலே கூடாரம் போட்டு, வெப்பமானி வைத்துப் பார்த்து, ஒவ்வொரு தடவையும் வெப்பத்துக்கு ஏற்பக் கணக்கைத் திருத்தினார்கள். சங்கிலியை 400 தடவை எடுத்து வைத்தார்கள்.

அந்த ஒரு கோட்டை மட்டும் சுத்தமாக அளந்துவிட்டால் போதும். அதன் இரு முனைகளிலிருந்தும் தூரத்துக் குன்று ஒன்றைப் பார்த்து, கோணத்தை மட்டும் குறித்துக்கொண்டால், குன்றின் தூரத்தைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். பத்தாம் வகுப்பு முக்கோணவியல்தான்! ஒரு முக்கோணத்தின் பக்கத்திலிருந்து அடுத்த முக்கோணம், அதிலிருந்து அடுத்தது என்று அந்த வலை இமயமலை வரை போனது. எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைச் சொன்னதும் இந்த வலைதான்.

கோணம் அளக்கும் தியோடலைட் கருவியின் எடை அரை டன். குன்றுகள் இல்லாத தஞ்சாவூர்ச் சமவெளியில், உயரத்துக்காகப் பெரிய கோயிலின் மேல் அதை ஏற்றினார்கள். 1808-ல் அப்படி ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து, தன் கையாலேயே அதைச் சரிசெய்தார்.

அளப்பவர்களைத் தயாரிக்க ஒரு பள்ளிக்கூடமும் சென்னையில் ஏற்கெனவே இருந்தது. மைக்கேல் டாப்பிங் முயற்சியால் 1794-ல் தொடங்கிய சர்வே பள்ளி அது. அந்தச் சின்னப் பள்ளிதான் வளர்ந்து, கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. இந்தத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் எத்தனையோ இன்ஜினீயர்கள் படித்த கல்லூரி, முதலில் நிலம் அளக்கக் கற்றுக்கொடுக்கப் பிறந்ததுதான்!

கிரிக்கெட் பிட்ச்சும் ஒரு சென்ட் நிலமும்

‘ரெண்டரை சென்ட் மனை’ என்கிறோம். இந்த சென்ட் எங்கிருந்து வந்தது?

1620-ல் எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயர் 66 அடி நீளத்தில் ஒரு அளவுச் சங்கிலி செய்தார். அதில் 100 கண்ணிகள். பத்து சதுரச் சங்கிலி சேர்ந்தால் ஒரு ஏக்கர் என்று கணக்கு கச்சிதமாக வரும். அந்த ஏக்கரில் நூற்றில் ஒரு பங்குதான் சென்ட், 435.6 சதுர அடி. இப்படி ஒரு ஒழுங்கில்லாத எண் வருவதற்குக் காரணம் அந்த 66 அடிச் சங்கிலிதான். கிரிக்கெட் பிட்ச்சின் நீளம் 22 கஜம், அதாவது அதே 66 அடி. ஐ.பி.எல். பார்க்கும்போதெல்லாம் நாம் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு சர்வேயரின் சங்கிலியைத்தான்!

‘கிரவுண்டு’ நம் ஊர் மனை அளவு: 2,400 சதுர அடி. 24 மனை சேர்ந்தால் ஒரு காணி. பட்டாவிலோ ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர்; ஏறத்தாழ 2.47 சென்ட். ஒரே மனைக்கு பிரவுச்சரில் சதுர அடி, பேச்சில் சென்ட், பட்டாவில் ஏர் என மூன்று மொழிகள். கால்குலேட்டரை எடுத்து மூன்றும் ஒன்றுதானா என்று பார்ப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

நீலம் தண்ணீர், பழுப்பு மேடு

இந்திய சர்வே துறையின் நிலப்பட விரிதாள்களில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வேலை. நீலம் - தண்ணீர். பச்சை - காடு. மஞ்சள் - பயிர் நிலம். சிவப்பு - சாலையும் குடியிருப்பும். பழுப்பு - உயரத்தைக் காட்டும் சமஉயரக் கோடுகள். ரயில் பாதைக்குக் கறுப்பு. பனை மரத்துக்குத் தனிக் குறி, கோயிலுக்கு ஒன்று, மசூதிக்கு ஒன்று, சர்ச்சுக்கு ஒன்று. கிணற்றுக்குக்கூடக் குறி உண்டு.

சமஉயரக் கோடு வந்த கதை சுவாரஸ்யமானது. 1774-ல் ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலையை வைத்து, பூமியின் எடையைக் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி நடந்தது. சிக்கலான அளவுகளை ஒழுங்குபடுத்த முயன்ற சார்லஸ் ஹட்டன் என்ற கணித மேதை, ஒரே உயரமுள்ள புள்ளிகளை எல்லாம் ஒரு கோட்டால் இணைத்தார். மேப்பிலேயே மேடு பள்ளம் தெரிந்துவிட்டது. அந்த உயரங்களைக் கடல் மட்டத்திலிருந்து கணக்கிடுவது இன்னொரு வழக்கம். ரயில் நிலைய மஞ்சள் பலகையின் கீழே ‘கடல் மட்டத்திலிருந்து உயரம்’ என்று இருக்குமே, அதேதான்.

ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் சர்வே துறையின் பழைய வரிசையில் ‘57 பி/13’ என்ற ஒரே தாளில் வருகின்றன. 1:50,000 அளவில், தாளில் 2 சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை உள்ள தூரம், சுமார் ஓர் அடிக்குள் அடங்கிவிடும். அந்த ஓர் அடிக்குள் எத்தனை ஏரிகள்! இந்தப் பகுதிக்குக் கம்பெனிகள் வருவதற்கு முன்பு, ஏரிகள்தான் இதன் முகவரி. ‘வல்லம் வடகால்’ என்ற தொழிற்பூங்காவின் பெயரைப் பாருங்கள். ‘கால்’ என்றால் பழந்தமிழில் வாய்க்கால்.

புவியியல் படம் இன்னொரு உலகம். அங்கே நிறம் என்பது பாறையின் வயது. 1881-ல் இத்தாலியின் போலோனா நகரில் கூடிய சர்வதேச மாநாடு, எந்தக் காலப் பாறைக்கு என்ன நிறம் என்று பேசியது. அந்தப் படங்களில் ‘ஸ்ரீபெரும்புதூர்’ என்பது ஓர் ஊரின் பெயர் மட்டுமல்ல. டைனோசர் காலத்துச் செடிகளின் தடம் பதிந்த பாறை அடுக்கு ஒன்றின் பெயரும் அதுதான்.

போன் மேப்பின் புதுப் பழக்கங்கள்

பூஜ்ஜிய தீர்க்கரேகை எங்கே தொடங்குகிறது? கிரீன்விச் என்போம். அதுவும் 1884-ல் வாஷிங்டனில் கூடிப் பேசி முடிவு செய்ததுதான். நம் பழைய வானியல் நூல்களில் அந்தக் கோடு உஜ்ஜயினி வழியாகப் போனது. இந்திய சர்வேக்கு நீண்ட காலம் சென்னை நுங்கம்பாக்கம் வானியல் கூடம்தான் ஆதாரப் புள்ளி. 1792-ல் உருவான அந்தக் கூடத்தின் கிரானைட் தூண், இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது.

நம் போனில் இருக்கும் மேப் 1569-ல் மெர்கேட்டர் கப்பல்காரர்களுக்காகக் கண்டுபிடித்த முறையின் பேரப்பிள்ளை. திசை மாறாது; ஆனால், துருவத்தை நெருங்க நெருங்க நிலம் பெரிதாக வீங்கும். தட்டையான உலக மேப்பில் கிரீன்லாந்து இந்தியாவைவிடப் பல மடங்கு பெரிதாகத் தெரியும். உண்மையில் இந்தியாதான் கிரீன்லாந்தைப் போல ஒன்றரை மடங்கு!

வழிகாட்டும் குரலைப் போட்டுவிட்டு பைக் ஓட்டினால், வடக்குகூட மேலே இருப்பதில்லை. நாம் போகும் திசைதான் மேலே. நீலப் புள்ளியாக நாமே நடுவில். உலகம் நம்மைச் சுற்றித் திரும்புகிறது. தாலமி கட்டிய வழக்கத்தை, சத்தமில்லாமல் போன் உடைத்துவிட்டது.

இன்னொன்றையும் சோதித்துப் பாருங்கள். போன் மேப்பில் இந்தப் பகுதியைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தால், எந்தப் பெயர்கள் முதலில் தெரிகின்றன? கம்பெனி, ஓட்டல், பெட்ரோல் பங்க். பல கிராமங்களின் பெயரைப் பார்க்க விரலால் பெரிதாக்கிக்கொண்டே போக வேண்டும். காகித மேப்பில் எந்தப் பெயரைப் பெரிதாக எழுதுவது என்பதற்குத் துறையின் விதி இருந்தது. போனில், யார் எதை அதிகம் தேடுகிறார்கள் என்பதும் சேர்ந்து தீர்மானிக்கிறது. மேப்பில் பெயர் தெரியாததால் ஒரு ஊர் இல்லாமல் போய்விடாது. ஏரியும் அப்படித்தான். கோடையில் சாட்டிலைட் படத்தில் ஏரி மைதானமாகத் தெரியும். ஐப்பசியில் பார்த்தால்தான் அது யார் என்று தெரியும்.

அந்த இரண்டு கோடுகள்

இப்போது சித்தி மகனின் எஃப்.எம்.பி.க்கு வருவோம்.

எஃப்.எம்.பி. என்பது ஒரே ஒரு சர்வே எண்ணின் படம். பெரும்பாலும் 1:1000 அல்லது 1:2000 அளவில் வரைந்திருப்பார்கள். உள்ளே குறுக்கும் நெடுக்குமாகப் போகும் முக்கோணக் கோடுகளைப் பார்த்து, ‘நிலத்துக்கு நடுவே வரப்பா?’ என்று பயப்பட வேண்டாம். அவை அளவுக் கோடுகள். பரங்கிமலையில் லாம்டன் போட்ட அதே முக்கோண யோசனைதான், நம் கொல்லைப்புறம் வரை வந்திருக்கிறது. படத்துக்கு வெளியே எழுதியிருப்பவை பக்கத்து சர்வே எண்கள். உள்ளே நிலம் பாகம் பிரிய பிரிய, 1, 1ஏ, 1ஏ1 என்று எண்ணும் எழுத்தும் மாறி மாறிச் சேர்ந்துகொண்டே போகும். எண் நீளமாக இருந்தால், அந்த நிலம் பல கைகள் மாறிப் பிரிந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு குடும்ப மரத்தையே அந்த எண்ணில் படிக்கலாம்!

மேல் ஓரத்தில் போன அந்த இரட்டைக் கோட்டுக்குள்ளும் ஒரு தனி உட்பிரிவு எண் இருந்தது. அந்த எண்ணை வைத்து, இணையத்தில் ‘அ’ பதிவேட்டைத் திறந்து பார்த்தோம். ‘அரசு புறம்போக்கு - வாய்க்கால்’ என்று இருந்தது. பிரவுச்சரைத் திருப்பி, வடக்கை மேலே கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். வலது ஓரத்து ‘30 அடி ரோடு’ மேல் ஓரத்துக்கு வந்து, சரியாக அந்த வாய்க்காலின் மேல் உட்கார்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் நேரில் போனோம். ரோடு என்று சொன்ன இடத்தில் பாதி தூரத்துக்கு கிராவல் கொட்டியிருந்தார்கள். மீதிப் பாதி, வேலிக்காத்தான் முளைத்த நீளமான பள்ளம். மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டோம். “இது ஏரிக்குப் போற கால்வாய் தம்பி. இப்போ காஞ்சு கெடக்கு. நல்ல மழை புடிச்சா இடுப்பளவு போவும்” என்றார், நாங்கள் ஏதோ தெரிந்த விஷயத்தைக் கேட்டதுபோல.

சித்தி மகன் ரொம்ப நேரம் அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “பக்கத்து மனைக்கெல்லாம் அட்வான்ஸ் கொடுத்துட்டாங்களாம்ணா...” என்றான். அவர்களும் இவனைப் போலவே ஷிஃப்ட் முடித்து வந்து, பிரவுச்சரைப் பார்த்துக் கனவு கண்டவர்கள்தான். வாய்க்காலை மறித்து மனை போட்டால், தண்ணீர் எங்கே போகும்? 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்துக்குக் கீழே அடையாற்றின் ஓரத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். மழைக்கு பிரவுச்சர் படிக்கத் தெரியாது. அது தன் பழைய மேப்பைப் பார்த்துத்தான் வரும்.

அன்று அட்வான்ஸ் கொடுக்கவில்லை. விற்பவரிடம் எஃப்.எம்.பி.யைக் காட்டிக் கேட்டதற்கு, “எல்லாம் மாத்திக்கலாம் சார்” என்று பதில் வந்தது. அந்தப் பதிலே போதுமானதாக இருந்தது. பக்கத்து மனைக்காரர்கள் இருவரின் நம்பரை வாங்கி, அதே எஃப்.எம்.பி.யை அவர்களுக்கும் அனுப்பிவிட்டுத்தான் கிளம்பினான்.

இப்போதும் மனை தேடிக்கொண்டுதான் இருக்கிறான். ஆனால், “எவ்வளவு?” என்று கேட்பதற்கு முன்னால், “சர்வே நம்பர் சொல்லுங்க” என்கிறான். போன வாரம் சித்தி என்னிடம், “அவன் சர்வேயர் வேலைக்கே போயிருக்கலாம்” என்று அலுத்துக்கொண்டார். குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மனைப் படம் கைக்கு வந்தால்...

• முதலில் வடக்கு அம்புக்குறியைத் தேடுங்கள். வடக்கு மேலே வரும்படி படத்தைத் திருப்பிவைத்த பிறகே மற்றதைப் படியுங்கள். அம்புக்குறியே இல்லாத படத்தை நம்ப வேண்டாம்.

• ‘அளவுக்கு உட்பட்டதல்ல’ என்று மூலையில் பொடியாக எழுதியிருந்தால், அது விளம்பரப் படம், மேப் அல்ல. ‘பத்து நிமிடத்தில் ஒரகடம்’ என்பதைக் கிலோமீட்டரில் கேளுங்கள்.

• சர்வே எண், உட்பிரிவு எண்ணை வாங்கி, தமிழக அரசின் இணையவழிச் சேவையில் புலப்படம், பட்டா, ‘அ’ பதிவேடு மூன்றையும் ஒப்பிடுங்கள். புறம்போக்கு நிலமா என்பதையும் அங்கே பார்க்கலாம்.

• ஓரத்தில் போகும் இரட்டைக் கோடு பாதையா, வாய்க்காலா என்பதை அதன் உட்பிரிவு எண்ணை வைத்து உறுதிசெய்யுங்கள்.

• சதுர அடி, சென்ட், ஏர் மூன்றையும் ஒன்றாக மாற்றிப் பாருங்கள். ஒரு சென்ட் - 435.6 சதுர அடி. ஒரு கிரவுண்டு - 2,400 சதுர அடி. சுமார் ஐந்தரை சென்ட்.

• நான்கெல்லையைப் படிக்கும்போது, ‘...க்கு மேற்கு’ என்றால் அந்த ஆள் நமக்குக் கிழக்கே என்பதை மறக்காதீர்கள்.

• மனையை ஒருமுறை மழைக்காலத்தில் போய்ப் பாருங்கள். முடியாவிட்டால், அந்த ஊரில் மாடு மேய்ப்பவரிடம் கேளுங்கள். எந்த மேப்பிலும் இல்லாத விவரம் அவரிடம் இருக்கும்!